வளர்ப்புப் பாம்புப் பெட்டியின் துப்புரவு

வளர்ப்புப் பாம்புப் பெட்டியின் துப்புரவு என்பது பாம்பு வாழும் கண்ணாடி, நெகிழி அல்லது மரப் பெட்டியிலிருந்து கழிவு, நோய்க்கிருமி, வேதிப்பொருள் எச்சம், வாடை ஆகியவற்றைப் பாம்புக்குத் தீங்கு நேராத வகையில் நீக்கும் செயல்முறையாகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோளப் பாம்பு, பந்து மலைப்பாம்பு, கலிபோர்னியா அரசப் பாம்பு போன்றவை வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுகின்றன. விலங்குக் காட்சிச் சாலைகளும் பாம்புப் பண்ணைகளும் இதே துப்புரவு முறைகளையே பின்பற்றுகின்றன.

இத்துறையில் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. வாடையும் நச்சும் ஒன்றல்ல. வாடை வீசும் பொருட்கள் எல்லாம் நஞ்சல்ல; நஞ்சாகும் பொருட்கள் எல்லாம் வாடை வீசுவதும் இல்லை. வாடையை மறைப்பதற்காகத் தெளிக்கப்படும் நறுமணப் பொருளோ, அளவுக்கு மீறிய கிருமிநாசினியோ, பெட்டியில் முன்பிருந்த அழுக்கைவிடப் பாம்புக்கு அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடும்.

பாம்பின் உடலமைப்பும் நச்சு சேரும் வழிகளும்

பாம்புகள் வேதிப்பொருட்களால் எளிதில் பாதிக்கப்படுவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

மூச்சு மண்டலம்: பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல் மட்டுமே முழு வளர்ச்சி பெற்றிருக்கும். இடது நுரையீரல் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். மலைப்பாம்புகளில் இரண்டும் உண்டு எனினும் இடது சிறியது. பாம்புகளுக்குத் தசையாலான உதரவிதானம் இல்லை. ஆகையால் மனிதரைப் போல வலுவாக இருமி, மூச்சுப் பாதையில் சேரும் சளியை வெளியேற்ற அவற்றால் இயலாது. எரிச்சலூட்டும் ஆவியால் ஏற்படும் சிறு அழற்சியும் நுரையீரல் தொற்றாக மாறக்கூடும்.

நாக்கு: பாம்பு தன் பிளவுபட்ட நாக்கால் காற்றிலும் தரையிலும் உள்ள நுண்துகள்களை எடுத்து, மேல் அண்ணத்தில் உள்ள யாக்கோப்சன் உறுப்புக்குக் கொண்டு செல்கிறது. தரையில் எஞ்சியுள்ள வேதிப்பொருளும் இவ்வழியே வாய்க்குள் சென்று சேரும்.

தொடுகை: பாம்பின் வயிற்றுப்புறம் முழுவதும் எந்நேரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

சூழல்: பெட்டி சிறியது, காற்றோட்டம் குறைந்தது, சூடேற்றப்படுவது. பந்து மலைப்பாம்பின் பெட்டியில் வெப்பமான பகுதி பொதுவாக 31 முதல் 33 பாகை செல்சியசு வரை வைக்கப்படுகிறது. இவ்வெப்பத்தில் எஞ்சிய பொருட்கள் விரைவாக ஆவியாகும். மேலும், குளோரீன் வளிமம் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது. பல கரிமக் கரைப்பான்களின் ஆவியும் காற்றைவிட அடர்த்தியானது. எனவே பாம்பு தலை வைத்துப் படுத்திருக்கும் தரையை ஒட்டியே இவை தேங்குகின்றன. விரும்பத்தகாத காற்றிலிருந்து விலகிச் செல்ல அடைபட்ட பாம்புக்கு வழியில்லை.

வாடையின் தோற்றுவாய்கள்

பெட்டியில் எழும் வாடையைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம். தோற்றுவாய்க்கு ஏற்பவே துப்புரவு முறையும் அமையும்.

கழிவு வாடை: பாம்புகள் நைட்ரசன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகவும் அதன் உப்புகளாகவும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறக் கட்டியாக வெளியேற்றுகின்றன. புதிதாக வெளிவந்த யூரிக் அமிலத்துக்கு வாடை மிகக் குறைவு. ஈரமான பெட்டியில் நுண்ணுயிரிகள் அதனைப் படிப்படியாகச் சிதைத்து யூரியாவாகவும் பின்னர் அமோனியாவாகவும் மாற்றுகின்றன. ஆகவே கடுமையான அமோனியா நெடி, கழிவு நெடுநாள் அகற்றப்படவில்லை என்பதன் அறிகுறியாகும்.

புதிய பெட்டியின் வாடை: கண்ணாடிகளை ஒட்டப் பயன்படும் ஒருவகைச் சிலிக்கோன் பசை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. புதிய பெட்டிகளில் வினிகர் வாடை வீசுவது இதனாலேயே. துகள் பலகையில் உள்ள பிசினிலிருந்து பார்மால்டிகைடு கசியும். மரத்துக்குப் பூசப்படும் மெருகெண்ணெயிலிருந்து கரைப்பான்கள் வெளியேறும்.

துப்புரவுப் பொருட்களின் வாடை: குளோரீன், பைன் எண்ணெய், எலுமிச்சை மணம் முதலியன.

அடிவிரிப்பின் வாடை: தேவதாரு வகை மரச் சீவல்களில் நறுமண எண்ணெய்கள் உள்ளன. இவை பூச்சிகளை விரட்டும் என்பதால் அலமாரிகளில் வைக்கப்படுகின்றன. பாம்புகளுக்கு இவை மூச்சுப்பாதை எரிச்சலையும் நரம்புக் கோளாறையும் ஏற்படுத்துவதால் பாம்புப் பெட்டிக்கு ஏற்றவை அல்ல. ஆசுப்பென் மரச் சீவல், தேங்காய் நார்த்தூள், அச்சிடப்படாத தாள் ஆகியவை பொதுவாகப் பயன்படும் மாற்றுகள்.

பெட்டியின் மூலப்பொருள்

ஒரு வேதிப்பொருளை முழுமையாகக் கழுவி நீக்க முடியுமா என்பது அப்பொருளை மட்டுமன்றி, அது பட்ட பரப்பையும் சார்ந்துள்ளது.

- கண்ணாடி நுண்துளைகள் அற்றது. நீரில் கரையும் எதனையும் இதிலிருந்து கழுவி நீக்கலாம். ஆயினும் மூலைகளில் உள்ள சிலிக்கோன் பசை சில கரிமப் பொருட்களை உறிஞ்சி வைத்திருக்கும்.
- பாலிவைனைல் குளோரைடு, பாலிபுரொப்பிலீன் போன்ற நெகிழிகளில் நீர் புகாது. ஆனால் நறுமண எண்ணெய்களும் பீனால்களும் இவற்றுள் ஊடுருவி, பின்னர் பல நாட்கள் மெதுவாக வெளிவரும். கழுவிய பின்னும் நெகிழிப் பெட்டி மணப்பது இதனாலேயே.
- பூச்சு இல்லாத மரம், தக்கை, நுரைப் பின்னணி ஆகியவை நுண்துளைகள் நிறைந்தவை. நச்சுப் பொருள் இவற்றில் ஊறிவிட்டால் முற்றாக நீக்குவது அரிது. அத்தகைய பகுதிகளைக் கழற்றி எறிவதே பாதுகாப்பானது.

முன்பு வேறொருவர் பயன்படுத்திய பெட்டியில் எந்தப் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது என்று தெரியாதபோதும் இவ்விதியே பொருந்தும். கண்ணாடியைக் கழுவிப் பயன்படுத்தலாம். மரத்தையும் நுரையையும் நீக்கிவிட வேண்டும்.

துப்புரவுப் பொருட்கள்

அழுக்கு நீக்கலும் கிருமி நீக்கலும் இரண்டு தனித்தனிச் செயல்கள். அழுக்கின் மேல் ஊற்றப்படும் கிருமிநாசினி, அழுக்கில் உள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து வீணாகிவிடும். எனவே முதலில் அழுக்கை நீக்கிய பின்னரே கிருமிநாசினி பயன்படுத்தப்பட வேண்டும்.

சோப்புக் கரைசல்: மணம் சேர்க்காத, பாத்திரம் துலக்கும் திரவத்தின் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து பயன்படுத்துவதே பெரும்பாலான வேலைக்குப் போதுமானது.

சமையல் சோடா: யூரிக் அமிலம் நீரில் மிகக் குறைவாகவே கரையும். காரக் கரைசலில் அதன் கரைதிறன் கூடுகிறது. அமிலக் கரைசலில் குறைகிறது. ஆகவே காய்ந்து ஒட்டிய வெள்ளைக் கட்டிகளை ஊறவைக்கச் சமையல் சோடாக் கரைசல் உதவும்.

வினிகர்: கண்ணாடியில் படியும் கடினநீர்க் கறையை வினிகர் கரைக்கும். அமோனியாவோடு சேர்ந்து உப்பாகி அதன் நெடியைத் தணிக்கும். யூரிக் அமிலக் கட்டியை அது கரைப்பதில்லை. நெடி தணிந்தும் கட்டி எஞ்சியிருந்தால் சில நாட்களில் அமோனியா மீண்டும் தோன்றும்.

நொதிக் கரைசல்கள்: கழிவில் உள்ள புரதம் முதலியவற்றைச் சிதைக்கும். கிருமிநாசினிகள் நொதிகளைச் செயலிழக்கச் செய்வதால், இவற்றைக் கிருமிநாசினிக்கு முன்பே பயன்படுத்த வேண்டும்.

சோடியம் ஐப்போகுளோரைட்டு: இதுவே வீடுகளில் பயன்படும் வெளுப்பான் திரவம். 5 முதல் 6 விழுக்காடு செறிவுள்ள திரவத்தில் 1 பங்கை ஏறத்தாழ 30 பங்கு குளிர்ந்த நீரில் கலந்து, 10 நிமிடம் பரப்பில் ஈரமாக வைத்திருந்து கழுவுவது வழக்கம். சூடான நீரில் இது விரைவாகச் சிதையும். நீர்த்த கரைசல் நாளடைவில் வலுவிழப்பதால் அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும்.

குளோரெக்சிடின்: 2 விழுக்காடு கரைசலை ஏறத்தாழ 60 மடங்கு நீர்த்துப் பயன்படுத்துவர். இதன் வாடை மிகக் குறைவு. பாம்பு உட்கொண்டால் தீங்கு என்பதால் நீர்க் கிண்ணத்தை நன்கு அலச வேண்டும்.

நாற்கூற்று அமோனியம் சேர்மங்கள்: பென்சால்கோனியம் குளோரைடு இவ்வகையைச் சேர்ந்தது. கால்நடை மருத்துவமனைகளில் பயன்படும் எஃப்10 என்ற கிருமிநாசினி, இதனையும் ஒரு பைகுவானைடு சேர்மத்தையும் கொண்டது. இவ்வகைப் பொருட்கள் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அடையாளச் சீட்டில் உள்ள அளவை மீறாமலிருப்பதும், பின்னர் அலசுவதும் தேவை.

கிரிப்டோசுபோரிடியம் சர்ப்பென்டிசு என்ற ஒட்டுண்ணி பாம்பின் இரைப்பையைத் தாக்கி உயிரிழப்பை ஏற்படுத்துகிறது. இதன் முட்டையுறைகள் குளோரீனையும் பெரும்பாலான கிருமிநாசினிகளையும் தாங்கி நிற்கும். இந்நோய் ஐயத்துக்குரிய இடங்களில் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் முழுமையான உலர்வுமே கூடுதல் பயன் தருபவை. மரம் போன்ற நுண்துளைப் பொருட்கள் அழிக்கப்பட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய பொருட்கள்

- பீனால் வகைகள்: பினாயில், பைன் எண்ணெய்த் திரவங்கள், குளோரோசைலினால் கலந்த கிருமிநாசினிகள் ஆகியவை ஊர்வனவற்றுக்கு நச்சானவை. நீரில் ஊற்றியவுடன் பால்போல் வெண்மையாகும் கிருமிநாசினிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. வீட்டுத் தரைக்கு ஏற்றது என்பதால் இவை பாம்புப் பெட்டிக்கு ஏற்றதாகிவிடா.
- அறை நறுமணத் தெளிப்பு, ஊதுபத்தி, நறுமண எண்ணெய்: இவை வாடையை நீக்குவதில்லை, மேலும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கின்றன.
- நாப்தலீன் உருண்டைகள்.
- கொசுவிரட்டிச் சுருளும் திரவமும்: இவற்றில் பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் உள்ளன. பாம்பு வைக்கப்பட்டுள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கலக்கக் கூடாதவை

துப்புரவின்போது பாம்புக்கு மட்டுமன்றி மனிதருக்கும் நேரும் விபத்துகளுக்கு, இரு பொருட்களைக் கலப்பது முக்கியக் காரணமாகும்.

- வெளுப்பானும் அமோனியாவும்: நச்சான குளோரமீன் ஆவிகள் உருவாகும். அமோனியா நெடி வீசும் பெட்டியில் நேரடியாக வெளுப்பானை ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.
- வெளுப்பானும் வினிகரும்: குளோரீன் வளிமம் வெளிப்படும்.
- வெளுப்பானும் ஆல்ககாலும்: குளோரோபார்ம் போன்ற குளோரீனேற்றச் சேர்மங்கள் உருவாகலாம்.
- வெளுப்பானும் குளோரெக்சிடினும்: பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும், இதுவும் நச்சுத்தன்மை உடையது.

ஒரு பொருளை முற்றாக அலசி நீக்கிய பின்னரே மற்றொன்றைப் பயன்படுத்த வேண்டும்.

துப்புரவின் படிமுறை

1. பாம்பைக் காற்றுத் துளைகளும் பூட்டும் கொண்ட மாற்றுப் பெட்டியில் இட்டு, வேறு அறைக்கு மாற்றுதல். பெட்டியின் மறுபுறத்தில் பாம்பு இருக்கவே துப்புரவு செய்வது ஆபத்தானது.
2. வெப்பத் தகடு, விளக்கு முதலியவற்றின் மின்னிணைப்பைத் துண்டித்தல்.
3. அடிவிரிப்பு முழுவதையும் அகற்றி, ஒட்டியுள்ள கழிவைச் சுரண்டி எடுத்தல். கண்ணாடிக்கு உலோகத் தகடும், நெகிழிக்கு நெகிழித் தகடும் ஏற்றவை. கீறல் விழுந்த நெகிழியில் அழுக்கு தங்கும்.
4. சோப்புக் கரைசலால் தேய்த்து, விளிம்புகளையும் கதவு ஓடும் பள்ளங்களையும் பழைய பல்துலக்கியால் துலக்கி, நீரால் அலசுதல்.
5. தேவையெனில் கிருமிநாசினியைக் குறித்த செறிவில் தெளித்து, குறித்த நேரம் ஈரமாக விடுதல். துடைத்தவுடன் காய்ந்துவிட்டால் கிருமிநாசினி முழுப் பயன் தராது.
6. நல்ல நீரால் பலமுறை அலசுதல். கழுவ முடியாத பெரிய பெட்டியாயின், ஒவ்வொரு முறையும் புதிய நீரில் நனைத்த தூய துணியால் மூன்று நான்கு முறை துடைத்தல். ஒரே வாளி நீரில் துணியை மீண்டும் மீண்டும் தோய்த்தால் எச்சம் பரவுமேயன்றி நீங்காது.
7. கதவுகளைத் திறந்து வைத்து முழுமையாக உலர்த்துதல். வெயிலும் காற்றும் கிடைக்குமிடம் சிறந்தது. உலரும் பெட்டியில் பாம்பு இருக்கக் கூடாது. வெயிலில் கண்ணாடிப் பெட்டி சில நிமிடங்களில் உயிரைப் போக்கும் அளவுக்குச் சூடாகும்.

நாள்தோறும் இத்தனையும் தேவையில்லை. கழிவைக் கண்டவுடன் அதனையும் அதைச் சுற்றியுள்ள அடிவிரிப்பையும் எடுத்துவிட்டு அவ்விடத்தைத் துடைப்பதே வாடைக்கு முதன்மையான தடுப்பாகும். பாம்புகள் தம் இருப்பிடத்தை மணத்தால் அறிபவை. முழுத் துப்புரவுக்குப் பின் அவை புதிய இடத்தில் விடப்பட்டவை போல அடிக்கடி நாக்கை நீட்டி ஆராய்வதைக் காணலாம்.

வேதிப்பொருள் எச்சத்தைப் போக்குதல்

எஞ்சிய பொருளின் தன்மைக்கேற்ப வழிமுறை வேறுபடும்.

- குளோரீன் எச்சம்: அலசி உலர்த்தினால் பெருமளவு நீங்கும். மீன் தொட்டிகளில் பயன்படும் சோடியம் தயோசல்பேட்டு, குளோரீனை வேதிவினையால் நீக்குகிறது. அதன் பின்னரும் நீரால் அலச வேண்டும்.
- சிலிக்கோன் பசை: கழுவுவதால் பயனில்லை. பசை முற்றும் இறுகும்வரை காற்றோட்டத்தில் வைத்திருக்க வேண்டும். மெல்லிய பூச்சு சில நாட்களிலும், தடித்தது ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் இறுகும்.
- மெருகெண்ணெய், பசைப் பலகை: காற்றோட்டத்துடன் பல வாரங்கள் விட வேண்டும். பெட்டியின் வெப்பச் சாதனத்தை இயக்கினால் வெளியேற்றம் விரைவுபடும். ஆல்ககால் போன்ற எரியும் கரைப்பான் ஈரமாக உள்ளபோது மின்சாதனங்களை இயக்கக் கூடாது.
- எண்ணெய்த் தன்மையுள்ள நறுமணம், பீனால்: நீரில் எளிதில் கரையா. சோப்புக் கரைசலால் பலமுறை கழுவி நெடுநாள் காற்றாட விட வேண்டும். நெகிழியில் ஊறிவிட்ட பீனால் வாடை நீங்கவில்லையெனில் அப்பெட்டியைக் கைவிடுதல் நலம்.

மூடிய பெட்டிக்குள் வைக்கப்படும் கிளர்வுற்ற கரி, பல கரிம ஆவிகளைப் பரப்பூன்றல் மூலம் ஈர்த்துக்கொள்ளும். அமோனியாவை அது நன்கு ஈர்ப்பதில்லை. அதற்குச் சியோலைட்டு கனிமம் ஏற்றது. இவை இரண்டும் துப்புரவுக்கு மாற்று அல்ல. துப்புரவுக்குப் பின் எஞ்சியதைக் குறைக்கும் துணைப்பொருட்களே.

பாம்பை மீண்டும் விடுமுன் சோதனை

குளிர்ந்து திறந்திருக்கும் பெட்டியில் வாடை இல்லாதிருப்பது போதிய சான்றாகாது. பாம்பு வாழப்போவது மூடிய, வெப்பமான பெட்டியில் ஆகும். எனவே பாம்பு இல்லாமல் எல்லா உறுப்புகளையும் பொருத்தி, வழக்கமான வெப்பநிலையில் இயக்கி, ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பின்னர் வெளிக்காற்றில் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்த ஒருவர் கதவைத் திறந்து முகர வேண்டும். அதே அறையில் வேலை செய்துகொண்டிருந்தவரின் மூக்கு அவ்வாடைக்குப் பழகியிருக்கும். கடுமையான வாடையோ கண் எரிச்சலோ இருந்தால் அலசலும் காற்றாட விடுதலும் தொடர வேண்டும்.

இச்சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. குளோரெக்சிடின், பெர்மெத்ரின் போன்றவற்றின் எச்சத்தை மூக்கால் அறிய முடியாது. அவற்றுக்குச் சரியான செறிவும், அலசிய எண்ணிக்கையும், உலரவிட்ட நேரமுமே பாதுகாப்பு.

சிற்றுண்ணிகளும் பூச்சிக்கொல்லிகளும்

பாம்புச் சிற்றுண்ணி எனப்படும் ஓபியோனிசசு நேட்ரிசிசு, பாம்பின் குருதியை உறிஞ்சி வாழ்வது. இது பெட்டியின் இடுக்குகளில் முட்டையிடும். இதனை ஒழிக்க 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டைகுளோர்வாசு என்ற கரிம பாசுபரசு நஞ்சை மெல்ல வெளியிடும் பட்டைகள் பயன்படுத்தப்பட்டன. இந்நஞ்சு சிற்றுண்ணியைப் போலவே பாம்பின் நரம்பு மண்டலத்தையும் தாக்கவல்லது. இன்று குறைந்த செறிவுள்ள பெர்மெத்ரின் தெளிப்புகள் சில நாடுகளில் விற்கப்படுகின்றன. பாம்பையும் நீர்க் கிண்ணத்தையும் வெளியேற்றிய பின்னரே இவற்றைத் தெளிக்க வேண்டும். முற்றிலும் உலர்ந்து, ஆவி வெளியேறிய பின்னரே பாம்பை விட வேண்டும். ஈரம் காயுமுன் பாம்பை விடுவதும், அளவை மீறித் தெளிப்பதும் நச்சேற்றத்துக்கு வழிவகுக்கும்.

நச்சேற்றத்தின் அறிகுறிகளும் முதலுதவியும்

வாயைத் திறந்து மூச்சு விடுதல், வாயிலோ மூக்குத் துளையிலோ நுரை, நடுக்கம், தலை ஆடுதல், தலையை மேல்நோக்கி வளைத்துக்கொள்ளுதல், மல்லாத்தினால் நிமிர இயலாமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவற்றுள் சில தொற்றுநோயாலும் தோன்றுவதால் அண்மையில் துப்புரவு நடந்ததா என்பதைக் கருத வேண்டும்.

பாம்பை உடனே அப்பெட்டியிலிருந்து நீக்கி, தூய தாள் விரித்த, நல்ல காற்றோட்டமுள்ள மாற்றுப் பெட்டியில், அதற்குரிய இயல்பான வெப்பத்தில் வைக்க வேண்டும். உடலில் வேதிப்பொருள் பட்டிருந்தால் தலையை நீருக்கு மேல் பிடித்தவாறு வெதுவெதுப்பான நீரால் கழுவலாம். வீட்டு மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. பயன்படுத்திய பொருளின் அடையாளச் சீட்டுடன் கால்நடை மருத்துவரை அணுகினால் நஞ்சின் வகையை அவர் விரைவில் அறிய இயலும்.

மனிதர் நலம்

நோயற்ற பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக் கூடும். எனவே பெட்டியையும் கிண்ணங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. துப்புரவுக்கான துணி, தூரிகை, வாளி ஆகியவற்றைத் தனியே வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்தபின் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்புத் திறன் குன்றியோர் இப்பணியிலிருந்து விலகியிருத்தல் நன்று. கையுறை அணிவதும் சாளரங்களைத் திறந்து வைப்பதும் வேதிப்பொருட்களிலிருந்து காக்கும்.

இந்தியாவில் சட்டநிலை

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்படி, அதன் பட்டியல்களில் உள்ள உள்நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். அச்சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பதையும் பதிவுக்கு உட்படுத்தியுள்ளது. பந்து மலைப்பாம்பு இப்பட்டியல்களில் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

- பாம்பு
- மலைப்பாம்பு
- யூரிக் அமிலம்
- கிருமிநாசினி
- சோடியம் ஐப்போகுளோரைட்டு
- சால்மோனெல்லா